மூலிகைப் புகையிலையும் சுப்புராயன் மூக்கும்

மூக்கும் முழியுமான ஆள் என்று நெட்டுக்குப்பம் சுப்புராயனை யாரும் சொல்லிவிட முடியாது. முழி சுமார்தான், அதிலும் ஒன்றில் புரை விழுந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆனால் அந்த மூக்கு! அதை நம்பி ஒரு தெருவே பாய் விரித்துப் படுத்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரிக்க வேண்டாம். இந்தக் கதையில் பொய் சொல்கிறவர் சுப்புராயன்தான், நான் இல்லை.

கடலுக்குப் போன முப்பத்தைந்து வருஷமும் அவர் படகில் மீன் தேடும் கருவி எதையும் ஏற்றியதில்லை. படகின் முன்பக்கம் நின்று காற்றை ஒரு இழுப்பு இழுப்பார். "தெக்கால திருப்பு" என்பார். காணாங்கத்தை மீன் கூட்டம் அங்கேதான் இருக்கும். கூட்டம் மேலே வந்தால் எண்ணெய் வாடை அடிக்கும் என்பது அவர் சொல்லும் விளக்கம். கூடப் போன சின்னப்பையனுக்கு உப்புக் காற்றைத் தவிர வேறு எதுவும் தெரிந்ததில்லை. பெயர்தான் சின்னப்பையன், ஆளுக்கு ஐம்பத்தைந்து வயது.

முட்டி தேய்ந்து கரையில் உட்கார்ந்த பிறகு அந்த மூக்குக்கு வேறு வேலை வந்தது. குப்பத்தை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அக்கரையில் அனல்மின் நிலையம். மேற்கேயும் தெற்கேயும் மணலி வரைக்கும் கம்பெனிகள். இடையில் தரைக்கு மேலேயும் கீழேயும் குழாய்கள். எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது என்று குப்பத்துக்கு யாரும் சொன்னதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், மீன் ஏலம் போடும் இடத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த சுப்புராயன் சட்டென்று எழுந்து நின்றார்.

"மேக்கால இருந்து வருது! குயந்தைங்கள தூக்கிக்கினு கடலோரமா தெக்கால ஓடுங்க!"

ஓடினார்கள். இருபது நிமிஷம் கழித்துத்தான் எங்கேயோ ஒரு கம்பெனியில் சங்கு ஊதியது. அடுத்த தெருவில் பதினாறு பேர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இந்தத் தெருவில் ஒருவர்கூட இல்லை.

அன்றிலிருந்து வந்ததுதான் அந்த வழக்கம். விளக்கு வைக்கிற நேரத்தில் சுப்புராயன் தெருக்கோடிக்குப் போவார். மேற்குப் பக்கம் திரும்பி மூன்று முறை மூச்சை இழுப்பார். "ஒண்ணியும் இல்ல, படுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். அதற்குப் பிறகுதான் பெண்கள் ஜன்னலைத் திறந்து வைத்துப் பிள்ளைகளைப் படுக்கப் போடுவார்கள். அம்மன் கோயில் பூசாரிக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. நடுவில் யாரோ வந்து கம்பத்தில் ஒரு பெட்டியை மாட்டி, வாயு கசிந்தால் இது கத்தும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது கூழ் ஊற்றுகிற திருவிழாவில் சாம்பிராணிப் புகைக்கே கத்து கத்தென்று கத்தியது. "நம்ம மாமா கீறப்போ இந்தக் கருமம் எதுக்கு?" என்று சின்னப்பையன்தான் ஏறி ஒயரைப் பிடுங்கினான்.

கடைசி இரண்டு மூன்று வருஷமாக மூக்குக்குப் பெரிதாக வேலையே வரவில்லை. தினமும் போவார், இழுப்பார், ஒன்றும் இருக்காது. "இப்பல்லாம் கம்பெனிக்காரன் கொஞ்சம் பயந்துகினுதான் நடக்குறான்" என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்வார். அதை அவர் மனசாரத்தான் நம்பினார். தெருவும் நம்பியது.

அம்புரோஸ் அந்த டப்பாவைக் கொண்டுவந்தது தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்புரோஸ் ராயபுரத்துக்காரர். கப்பலில் எஞ்சின் ரூமில் எண்ணெய் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நங்கூரம் போட்டு வெளியே நிற்கும் கப்பலுக்குச் சுப்புராயன் படகில் காய்கறி கொண்டுபோன காலத்திலிருந்து இருவரும் தோஸ்து. ஞாயிறு தவறாமல் ஸ்கூட்டரில் வந்து நண்டு வாங்கிக்கொண்டு போவார். வாயில் எப்போதும் ஒரு பைப் இருக்கும். ஏதோ ஒரு நாட்டு எஞ்சினியர் கொடுத்தது. புகையிலையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் திட்டியதால், பாதிக்குப் பாதி மூலிகையை மாடியில் உலர்த்தி, நறுக்கி, அதில் கலந்து ஒரு புதுக் கலவை செய்திருந்தார்.

"மாமு, உம் மூக்குக்கு ஒரு பரீட்ச. இதுல இன்னா இன்னா போட்டுக்கீறேன், சொல்லு பாப்போம்" என்று பைப்பில் அடைத்துப் பற்றவைத்து நீட்டினார்.

ஏலம் முடிந்த நேரம். சின்னப்பையன், பக்கத்து வீட்டு சினேகா, இடுப்பில் அவள் கைக்குழந்தை, வலை சரி செய்துகொண்டிருந்தவர்கள் என்று பெரியவர்கள் பதினோரு பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். அந்தப் பதினோரு பேரில் சுப்புராயனின் மனைவி பவுனம்மாளும் ஒருத்தி, மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றிருந்தாள். சுப்புராயன் பைப்பை வாயில் வைத்து இழுத்தார். சூடு தெரிந்தது. தொண்டையில் ஒரு கரகரப்பு தெரிந்தது. அவ்வளவுதான். புகையை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார். டப்பாவை வாங்கி அதற்குள்ளேயே மூக்கை விட்டுப் பார்த்தார். வெறும் காகிதத்தை மோந்தால் என்ன இருக்குமோ அதுகூட இல்லை.

புகையிலை வாசனை எங்கே போயிற்று? பதினோரு முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. முன்பொருமுறை பேத்திக்குச் சளி பிடித்தபோது அம்புரோஸ் வீட்டு மாடித் தொட்டியிலிருந்து கற்பூரவல்லி பறித்து வந்தது ஞாபகம் வந்தது.

"கற்பூரவல்லி" என்றார். யாரும் மறுக்கவில்லை. கொஞ்சம் தைரியம் வந்தது. "அப்பால... ஓமம்."

"அடடா! ஆமா மாமா, ஓமந்தான்! சுள்ளுனு ஏறுது பாரு" என்றான் சின்னப்பையன், புகைக்குள் தலையை நீட்டி. சினேகா மோந்து பார்த்து, "கற்பூரவல்லி நல்லாத் தெரியுதே" என்றாள். ஆளாளுக்கு ஒரு இழுப்பு காற்றை இழுத்து ஆமாம் போட்டார்கள். அம்புரோஸ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பிறகு, "கரீட்டு மாமு. உன்னிய அடிச்சுக்க ஆளே இல்ல" என்று சொல்லிவிட்டு, நண்டைக்கூட வாங்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுப்புராயன் நேராக வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பெருங்காய டப்பாவைத் திறந்தார். ஒன்றுமில்லை. பினாயில், கற்பூரம், கருவாட்டுப் பானை என்று வரிசையாக எடுத்தார். அடுப்பைப் பற்றவைக்காமல் கேஸைத் திருகிவிட்டு அதன் பக்கத்தில் மண்டியிட்டார். உஸ்ஸென்ற சத்தம் காதில் விழுந்தது, மூக்கில் எதுவும் விழவில்லை. அவசரமாக மூடினார். கம்பெனிக்காரன் திருந்திவிட்டான் என்று டீக்கடையில் அளந்தது நினைவுக்கு வந்தது. எத்தனை மாலை, எத்தனை "படுங்க"! அதில் எத்தனை நாள் உண்மையிலேயே ஒன்றும் இல்லாமல் இருந்தது?

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விளக்கு வைத்ததும் தெருக்கோடிக்குப் போய் நின்றார், இழுத்தார். "எப்டி மாமா?" என்று சினேகா வாசலில் இருந்து கேட்டாள். "ஒண்ணியும் இல்ல, படுங்க" என்றார். தெரியாமல் சொன்ன வரைக்கும் அது அறியாமை; தெரிந்து சொன்னால் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். ஆனால் படகு போய், முட்டி போய், மிச்சமிருந்தது அந்த மூக்கு ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால் தெருவில் அவர் யார்? இப்படியே ஆறு மாலைகள் பொய் சொன்னார். சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை பஸ் ஏறி ராயபுரம் போனார். அம்புரோஸ் அவரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீ வருவன்னு தெரியும் மாமு" என்றார். "அதுல கற்பூரவல்லியும் இல்ல, ஓமமும் இல்ல. நான் போட்டது திருநீத்துப் பச்சிலையும் சோம்பும். அத்தன பேர் முன்னால உன்னிய வுட்டுக்கொடுக்க மனசு வர்ல, அதான் கரீட்டுன்னேன்."

சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டார். "மூக்கு போச்சு அம்புரோசு. எப்ப போச்சுன்னே தெர்ல."

"உன் ஒரு மூக்கு போனா போவட்டும். நீ சொன்னதும் பதினோரு பேரு மோந்து பாத்தாங்க. சோம்பு வாசன தெரியாத ஆளு உலகத்துல உண்டா? பதினோரு பேருல ஒருத்தர்கூட 'இல்ல மாமா, சோம்பு மாதிரி கீதே'ன்னு சொல்லல. அத்த நெனச்சாத்தான் எனக்கு பயமா கீது."

திரும்பி வரும் பஸ்ஸில் சுப்புராயன் தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். மரியாதைக்கு ஆமாம் போட்டிருப்பார்கள். பெரிய மனுஷன் சொன்னால் யார் மறுப்பார்கள்? வீட்டுக்கு வந்ததும் பவுனம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். ஆச்சரியப்படவே இல்லை.

"யோவ், நாப்பது வருசமா மீன் விக்கிறேன். மோந்து பாத்துதான் விப்பேன். இப்ப செவுளத் தூக்கிப் பாத்துத்தான் குடுக்குறேன். போன வருசம் ரெண்டு பேரு நாறுதுன்னு திருப்பிக் கொண்டாந்து மூஞ்சில வீசல? உனக்கு அப்பவே தெரிய வேணாம்?"

"ஏண்டி சொல்லல?"

"நீ கீறியேன்னுதான்" என்றாள். பிறகு கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வெளிய சொல்லாத. சொன்னா இந்தத் தெருவுல ஒரு புள்ள தூங்குமா?" என்றாள்.

அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை ஏலம் முடிந்ததும் எல்லாரையும் நிற்கச் சொன்னார். குப்பத்தில் மூக்குடைபட்டவர்கள் உண்டு. தானாக முன்வந்து உடைத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். வானம் மூட்டமாக, காற்றே இல்லாமல் புழுக்கமாக இருந்தது. கம்பெனிப் புகை மேலே போகாமல் அப்படியே நின்றது.

"என் மூக்கு செத்துப்போச்சு" என்றார். "ரெண்டு வருசமோ மூணு வருசமோ, தெர்ல. போன வாரம் அந்தப் புகையிலைல இன்னா கீதுன்னு எனக்குத் தெர்ல, சொம்மா அடிச்சு வுட்டேன். நீங்களும் ஆமான்னீங்க. இந்த ஒரு வாரமா தெரிஞ்சே உங்கள ஏமாத்திட்டேன். செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்கள்ல யாருக்கு வாசன தெரியுது? தெரியிறவங்க கை தூக்குங்க. இனிமே சாயங்காலம் அவங்க போய்ப் பாக்கட்டும்."

ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். ஒரு கைகூட எழவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழும் எழும் என்று அவர் காத்திருந்தார்.

"எனக்கு கொரோனாவோட போச்சு மாமா" என்றாள் சினேகா, ரொம்ப மெதுவாக. "நீங்க கீறீங்கன்னு தெகிரியமா இருந்துட்டேன்." அவள் இடுப்பில் இருந்த குழந்தை காலையிலிருந்தே சிணுங்கிக்கொண்டிருந்தது, இப்போது வீறிட்டு அழ ஆரம்பித்தது. பின்னாலிருந்து இன்னொரு குரல், "எனக்கு அதுக்கும் முன்னாடியே" என்றது. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்து மறைத்து வைத்திருந்தது வரிசையாக வெளியே வந்தது.

சுப்புராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்தார், மறுபடியும் கலங்கியது. எதிரில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பவுனம்மாளும் துடைத்தாள். அடிக்காமல் அழுகிறார்களே என்று நினைத்தார். இந்த ஜனங்களையா ஏமாற்றினோம் என்று வெட்கமாக இருந்தது.

முன்வரிசையில் சின்னப்பையன் லுங்கியைத் தூக்கி முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். கூடப் பிறந்தவன் கடலோடு போனபோதுகூட அழாதவன் அவன்.

"நீ ஏண்டா அழுவுற?" என்றார் சுப்புராயன்.

"நான் அழுவல மாமா" என்றான் சின்னப்பையன். "கண்ணு எரியுது."

சுப்புராயன் கூட்டத்தைப் பார்த்தார். எல்லார் கண்ணிலும் நீர் வழிந்துகொண்டிருந்தது. யாரோ இருமினார்கள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ஓடுங்க!" என்று கத்தினார்.

ஒருவரும் அசையவில்லை. சினேகா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"எந்தப் பக்கம் மாமா?" என்று கேட்டாள். மற்றவர்கள் அவர் பதிலுக்காகக் காத்து நின்றார்கள்.