மூடி ஒட்டிய கதவு

கடற்படையில் இருந்த தன் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்காக, அவர் வேலை பார்த்த போர்க்கப்பலின் மாடலை ஒரு பெண் என்னிடம் செய்யச் சொல்லியிருந்தார். இன்று மதியம் அப்பாவையும் ஈஜிபுராவில் இருக்கும் என் பட்டறைக்கு அழைத்து வந்தார்.

பெரியவர் கப்பலையே வெகுநேரம் பார்த்தார். மகளைத் தண்ணீர் பாட்டில் வாங்க அனுப்பிவிட்டு, மேல்தளத்தில் ஒரு சின்னக் கதவைத் தொட்டார்.

“இது ஏன் திறந்திருக்கு?”

“போட்டோல அப்படித்தான் இருந்துச்சு சார்.”

“தீப்பிடிச்ச அன்னிக்கு நான்தான் இதை மூடினேன். கீழ மூணு பேர் இருந்தாங்க. மூடலைன்னா கப்பலே போயிருக்கும். ரொம்ப நேரம் தட்டிட்டே இருந்தாங்க தம்பி.”

அவர் விரல் அந்தக் கதவிலேயே இருந்தது.

“மூடி ஒட்டிடுங்க. நான் மூடினது பொண்ணுக்குத் தெரியாது.”

அவர் கண்ணெதிரிலேயே ஒட்டினேன்.

அப்பாவை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு மகள் மட்டும் திரும்பி வந்தார்.

“சண்டே ஃபங்ஷனுக்கு நீங்களும் வரணும்ணா. அப்பா கப்பல்ல ஒருநாள் தீப்பிடிச்சுது, அதுல செத்துப்போன ஒருத்தரோட பையனைத் தேடிக் கண்டுபிடிச்சிட்டேன். அவர் கையாலதான் அப்பாவுக்குக் கப்பலைக் கொடுக்கப் போறோம். அந்த நாளைப் பத்தி அப்பா மைக்ல பேசணும். சர்ப்ரைஸ், சொல்லிடாதீங்க.”

தலையாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தால் நல்லது. நீங்களாக இருந்தால் இந்த அப்பா, மகள் இரண்டு பேரில் யாரிடம் சொல்வீர்கள்?