ஜப்பானில் உயிராபத்து

என்னிடம் இங்கிலீஷ் படித்த ஜப்பான் பிள்ளைகள் நாலு பேர். நாலு பேருக்கும் முதலிலேயே என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நான் பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் மத்தியானக் கோப்பைக்கும் இரவுக் கோப்பைக்கும் நடுவில் மூன்று மணித்தியாலம் கிடைக்கும். அந்த மூன்று மணித்தியாலமும் நான் ஆசிரியர். ரூ பெர்தொனே என்கிற தெருவில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்தது எங்கள் ரியூசன் நிலையம். பலகையில் 'லண்டன் முறை இங்கிலீஷ்' என்று எழுதியிருக்கும். அதை நடத்திய அண்ணை லண்டனைக் கண்டது ஒரே ஒருமுறை, ஒரு சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் போனபோது. அங்கேயும் மூன்று நாளும் தமிழில்தான் கதைத்திருப்பார். என் தகுதி அதைவிடப் பெரிது. ஊரில் சாதாரண தரச் சோதனையில் இங்கிலீஷுக்கு இரண்டாம் தடவை எழுதிச் சித்தி.

"வெள்ளைக்காரன் எங்களைத்தானே தம்பி ஆண்டவன், ஜப்பான்காரனையோ ஆண்டவன்?" என்பார் அண்ணை, கழுத்துப்பட்டியை இறுக்கிக்கொண்டு. "உதுதான் எங்கட மூலதனம்."

அடிமைப்பட்டுக் கிடந்ததைத் தகைமைச் சான்றிதழாக மாட்டிவைக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். ஒப்பேராப் பக்கம் ஜப்பான் கடைகள் இருக்கிற தெருவில் துண்டுப்பிரசுரம் ஒட்டினார். வந்துவிட்டார்கள், பாவங்கள்.

அங்கே படித்த எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் என்னைக் கண்டால் தங்களுக்குள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். ஜப்பான் பிள்ளைகளோ எழும்பி நின்று குனிவார்கள். நான் அதை என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள். கேள்வி கேட்காத பிள்ளைகளைக் கண்டால் மக்குகள் என்று நினைப்பது மக்கு ஆசிரியனின் முதல் அடையாளம். நான் நினைத்தேன்.

நாலு பேரில் மூத்தவளுக்குப் பதினைந்து வயது. தகப்பனைக் கம்பனி பாரிஸுக்கு அனுப்பியிருந்தது. இங்கே ஜப்பான்காரருக்கென்று இருக்கிற பள்ளிக்கூடம் அந்த வயதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு இங்கிலீஷில் படிப்பிக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தாய், தகப்பன், தங்கச்சி எல்லாரும் இங்கே இருக்க, அவள் மட்டும் ஜப்பானுக்குப் போய்ப் பெரியப்பா வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும். தாய் அவளைக் கொண்டுவந்து விட்ட முதல் நாளே சொன்ன விசயம் இது. தாய் ஜப்பான் மொழியில் சொல்ல, அவள் குனிந்த தலையோடு தன் சொந்த விதியைத் தானே இங்கிலீஷில் மொழிபெயர்த்தாள்.

"ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம், நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்றார் அண்ணை. 'நாங்கள்' என்றால் நான்.

படிப்பித்தேன். அவள் தன் நாயைப் பற்றிக் கட்டுரை எழுதி வந்தாள். 'நாய் செத்துவிட்டது. நான் ஒரு கிழமை அதன் கிண்ணத்தைக் கழுவவில்லை' என்று முடித்திருந்தாள். இதென்ன கட்டுரை, கடைக்குச் சாமான் எழுதின துண்டு மாதிரி? சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'எங்கள் குடும்பத்தின் ஒளிவிளக்கும் பாசத்தின் உறைவிடமுமான நாலுகால் நண்பன், எம்மை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு இறைவனடி சேர்ந்தான்.' எனக்குத் தெரிந்த உயர்ந்த நடை அது. எங்கள் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கிற மரண அறிவித்தல்களின் நடை. உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று சேர்க்காதது ஒன்றுதான் குறை.

அவள் இரண்டு கையாலும் கொப்பியை வாங்கிக் குனிந்தாள். நான் நிமிர்ந்தேன்.

இப்படியே ஏழெட்டு மாதம். அவள் நுழைவுச் சோதனை எழுதினாள். எழுதிய மட்டும் சரி, ஆனால் எழுதியது கொஞ்சம். மெதுவாக எழுதுகிற பிள்ளை. சேர்ப்பதா விடுவதா என்று அந்தப் பள்ளிக்கூடம் இழுத்துக்கொண்டு நின்றது. வெளியில் இங்கிலீஷ் படிப்பித்தவர் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரட்டும், பார்த்து முடிவு சொல்கிறோம் என்று கேட்டிருந்தார்கள்.

அவளுடைய பாரிஸ் வாழ்க்கை என் இங்கிலீஷில் வந்து தொங்கியது.

நானோ சந்தோசத்தில் மிதந்தேன். கடிதம் எழுதுவதில் நான் புலி. லா சப்பலில் இருந்து லா கூர்னெவ் வரைக்கும் எங்கள் ஆட்கள் எத்தனை பேருக்கு அகதி வழக்குக்கு எழுதிக் கொடுத்தவன்! ஆட்கள் தமிழில் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதுவேன், அதை வேறொருவர் பிரெஞ்சாக்குவார். அந்தப் பிரெஞ்சை நீதிபதி என்ன செய்வார் என்று நான் விசாரிக்கப் போனதில்லை. சிலருக்கு வதிவிடக் கார்த் கிடைத்தது. என் கடிதத்தை ஒருத்தரும் வாசிக்காததால் கிடைத்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்றைக்கு இருந்த இருப்பில் இரண்டரைப் பக்கம் எழுதினேன். பேனா தன் பாட்டில் பழைய பாதையில் போய்விட்டது. 'மேற்படி சிறுமி மிகவும் அப்பாவி. எந்த அமைப்புடனும் எக்காலத்திலும் தொடர்பில்லாதவர். இவரைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அங்கு இவருடைய உயிருக்குப் பாரிய ஆபத்து நேரும் என்பதைக் கண்ணீருடன் அறியத் தருகிறேன். மனிதாபிமான அடிப்படையில் இவருக்குத் தங்கள் பாடசாலையில் தஞ்சம் அளிக்குமாறு தாழ்மையுடன் மன்றாடுகிறேன்.'

அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, இதை வாசிச்சா அந்தப் பிரின்சிப்பல் மனிசி அழுதிடுவா."

"அழுவா எண்டுதான் நானும் நினைக்கிறன்."

"சீல் குத்து. ரெண்டு இடத்தில குத்து."

நிலையத்தின் முத்திரையை மூன்று இடத்தில் குத்தி, அடுத்த சனிக்கிழமை அவளிடம் கொடுத்தேன். நின்றபடி வாசித்தாள். முதலாம் பக்கம், இரண்டாம் பக்கம், அரைப் பக்கம். பிறகு திரும்பவும் முதலாம் பக்கம். காது மட்டும் சிவந்துகொண்டே போனது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று எனக்குப் பெருமை.

"சேர்," என்றாள் கடைசியில், "இந்தக் கடிதத்தை எனக்கு வீட்டுவேலையாகத் தருவீர்களா?"

"வீட்டுவேலையாகவோ?"

"ஓம் சேர். சுருக்கி எழுதுகிற பயிற்சி. எனக்கு அதில் பழக்கம் காணாது."

எட்டு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். என்ன விளங்கித் தலையாட்டினேன் என்று தெரியாது, ஆட்டினேன்.

அடுத்த கிழமை வந்தாள். பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுக்கும்போது பள்ளிக்கூடத்துக் கொப்பி ஒன்றும் கூட வந்து மேசையில் விழுந்து விரிந்தது. நாய்க் கட்டுரை. நாய் செத்திருந்தது, கிண்ணம் கழுவாமல் கிடந்தது. என் ஒளிவிளக்கையும் காணோம், உறைவிடத்தையும் காணோம். பக்கத்தில் அவளுடைய ஆசிரியர் போட்ட பெரிய சிவப்பு வட்டம். அவர்கள் ஊரில் வட்டம் என்றால் சரி. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாம் வட்டம். எனக்கு ஒரு கொப்பி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொப்பி. ஒவ்வொரு கிழமையும் வீட்டுவேலையை இரண்டு முறை செய்திருக்கிறாள், ஒன்று தனக்கு, மற்றது என் மனம் நோகாமல் இருக்க. மெதுவாக எழுதுகிறாள் என்று நான் வேறு குறை சொல்லியிருக்கிறேன்.

அவள் கொப்பியை மூடவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், தான் களவெடுத்துப் பிடிபட்ட மாதிரி.

கடிதத்தை வாசித்தேன். எட்டு வரி. 'இவள் சனிக்கிழமைகளில் வருகிறாள். ஒருநாளும் பிந்தியதில்லை. எழுதுவதற்கு நேரம் எடுப்பாள், ஏனென்றால் எழுதியதைத் திரும்ப வாசிப்பாள். கேள்வி கேட்கக் கூச்சப்படுவாள். அதை உங்கள் பள்ளிக்கூடத்தில் பழகுவாள் என்று நம்புகிறேன்...' இப்படிப் போனது. தன்னைப் பற்றி ஒரு பொய்யும் இல்லை, ஒரு புகழ்ச்சியும் இல்லை. கையெழுத்துக்கு மட்டும் கீழே இடம் விட்டிருந்தாள்.

எனக்கு அந்த நேரத்திலும் கை துடித்தது. 'மிகவும் அப்பாவி' என்று ஒரு சொல்லாவது சேர்க்க வேண்டும்போல இருந்தது. பேனாவை எடுத்து இரண்டாம் வரிக்கு மேலே கொண்டுபோனேன். அவள் நிலத்தை விட்டுவிட்டுப் பேனாவின் நுனியைப் பார்த்தாள். பெரியப்பா வீடு அந்த நுனியில் இருந்தது. நான் பேனாவைக் கீழே இறக்கிக் கையெழுத்துப் போட்டேன். என் ஆசிரிய வாழ்க்கையில் பிழையில்லாமல் எழுதியது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

இடம் கிடைத்தது.

அண்ணையிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் தான் எடுத்து வைத்திருந்த என் இரண்டரைப் பக்கப் பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார், 'ஒரே கடிதத்தில் இடம்' என்று தலைப்புக் கட்டி. பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற தகப்பன்மார் அதன் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். ஒருவர் என் தோளில் கைவைத்து, "ஜப்பானிலயும் பிரச்சினையோ தம்பி? ஒரு நியூசிலயும் சொல்லேல்லையே" என்று கவலைப்பட்டார். "மறைக்கிறாங்கள் அண்ணை" என்றேன்.

தாயும் மகளும் இனிப்புப் பெட்டியோடு நன்றி சொல்ல வந்தார்கள். தாய் சட்டத்தைக் கண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மகளிடம் கேட்டாள் போல. மகள் கடிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தாய்க்கு ஒரே ஒரு வசனம் சொன்னாள். தாய் கண் கலங்கி, எனக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்தாள்.

"என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"சேர் என்னைப் பற்றி மிகவும் கவலைப்பட்டார் என்று சொன்னேன்."

அண்ணை பின்னால் வந்து முழங்கையால் இடித்தார். "என்னவாம் தம்பி?"

"கடிதம் நல்லாயிருக்காம்."

"நான் சொன்னனான் எல்லே," என்றபடி, பெட்டியைத் திறந்து பெரிய இனிப்பாகப் பார்த்து எடுத்தார்.