கழட்டினதையும் எழுதுங்க

சனிக்கிழமை மாலை வீட்டுத் தையல் மெஷினுக்குப் பெல்ட் மாற்றினோம். அம்மாவுக்கு மாரடைப்பு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் ஸ்க்ரூடிரைவர் என் கையில், டார்ச் அவள் கையில்.

"ரொம்ப இறுக்காதடி. அதுவும் மூச்சு விடணும்ல."

அம்மா துணி தைக்கும் தொழிற்சாலையில் மெஷின் மெக்கானிக். இருபத்தாறு வருடம். எண்ணெய்க் குப்பியும் கையுமாகவே திரிந்ததால் எல்லோருக்கும் ஆயில் அக்கா. பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனர் என்று கேட்ட சூப்பர்வைசரிடம் நின்றுபோன மெஷினைக் காட்டி, அப்போ நீங்களே ஓட்டுங்க சார் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவள்.

முப்பத்தெட்டு வயதில் அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்து, அதோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். ஆறு வாரத்தில் வேலைக்குத் திரும்பினாள்.

தொழிற்சாலையின் மெஷின் பதிவேட்டில் புதிதாக மாட்டியதை மட்டும்தான் எழுதுவார்கள். கழற்றியதை எழுதும் வழக்கமில்லை. ஓடினால் சரி.

மாரடைப்புக்கு மூன்று வாரம் முன்பு, படியேறினால் மூச்சு வாங்குகிறது, தாடை வலிக்கிறது என்று தொழிற்சாலை டாக்டரிடம் போனோம். படிவத்தை நிரப்பியது நான். 'பிற விவரங்கள்' என்ற இடத்தில் பேனா நின்றது. ஆபரேஷனை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"கழட்டினதையெல்லாம் எழுதுவாங்களாடி? விடு."

சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். நான் பம்புகளைச் சோதிக்கும் பொறியாளர். ஒரு பாகத்தைக் கழற்றினால் அழுத்தம் மாறும் என்று தெரியாதவள் அல்ல.

ஐம்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு இதயக் கோளாறு அபூர்வம் என்று டாக்டர் வாயு மாத்திரை கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து மாரடைப்பு வந்து சேர்த்த பெரிய மருத்துவமனையில் முதல் கேள்வியே சினைப்பை பற்றித்தான். ரத்தக் குழாய்களுக்குத் துணை நின்ற ஹார்மோன் பதின்மூன்று வருடம் முன்பே நின்றுபோயிருக்கிறது, வயதை மட்டும் பார்த்தால் தப்புக் கணக்கு என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

அம்மா அழவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே தொழிற்சாலை டாக்டர் முன்னால் போய் நின்றாள். சினைப்பையை எடுத்தாங்களா, எந்த வயசுல என்று படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். பெண்கள் கூச்சப்படுவார்கள் என்றார் அவர்.

"எங்க கூச்சத்தை நாங்க பாத்துக்கறோம் சார். நீங்க கேளுங்க."

எழுத்தில் கொடுங்கள் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அம்மா தையல் வரிசையில் ஒவ்வொருத்தியிடமும் விசாரித்தாள். நாற்பது தாண்டுவதற்குள் எடுத்தவர்கள் ஏழு பேர். பெயர் எதுவும் குறிக்கவில்லை, எண்ணிக்கை மட்டும். கடிதத்தைத் தானே எழுதினாள். திங்கட்கிழமை கொடுத்துடணும் என்று சனிக்கிழமை, டார்ச்சைப் பிடித்தபடி, இரண்டு முறை சொன்னாள்.

ஞாயிறு காலை இரண்டாவது மாரடைப்பு.

ஆயுசு அவ்வளவுதான் என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். சித்தியும் சொன்னாள். இல்லை சித்தி, என்றேன். அந்தக் கோட்டை ஆயுசு போடவில்லை. நான் போட்டேன்.

கடிதம் அவள் வேலைப் பையில், எண்ணெய்க் குப்பிக்குக் கீழே இருக்கிறது. ஓரத்தில் எண்ணெய்க் கறை. இன்னும் யாரிடமும் கொடுக்கப்படவில்லை. தொழிற்சாலையின் மருத்துவ அறை ஒன்பது மணிக்குத் திறக்கும்.