பதினேழு வளைவு தாண்டிப் போய் எழுதிய பன்னிரண்டாவது வரி

என் மூத்த பேரன் கால்நடை மருத்துவர். தேவாரம் பக்கம் மாடு கன்று போட முடியாமல் தவித்தால் முதலில் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். அடுத்தவள் செல்வி, கைப்பந்தில் மாநில அணிக்கு ஆடியவள். கடைக்குட்டி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். இவர்களுக்கு நடுவில் மீனா. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் ஒரு திறந்த மூல மென்பொருள் இருக்கிறதாம். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதும் குழுவுக்கு அவள் தலைவி. போன வாரம் போனில் அழாத குறை. "செஞ்சவங்க ஒண்ணையும் சொல்ல மாட்டேங்குறாங்க அப்பத்தா. கேட்டா, இது கூடத் தெரியாதாங்குறாங்க."

அவளுக்காகத்தான் இந்தப் பழைய பயணத்தை எழுதுகிறேன். போடிமெட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கும் உதவும்.

எண்பத்து மூன்று, ஆவணி மாதம். ஏலக்காய் காயவைக்கும் அறையை மலையில் ஸ்டோர் என்பார்கள். அப்போது பெரிய எஸ்டேட்டுகளில்தான் இருக்கும். போடியில் பட்டறை வைத்திருந்த ராசு அண்ணன், சின்னத் தோட்டக்காரர்களும் கட்டிக்கொள்ளும்படி ஒன்றைச் செய்துவிட்டு, யாரும் பார்த்துக் கட்டலாம், மாற்றலாம், மாற்றியதை மட்டும் வந்து சொல்லுங்கள் என்றார். நல்ல மனசு. ஆனால் செய்முறையைச் சொல்லச் சொன்னால் வாயிலிருந்து வார்த்தை வராது. அந்தச் சோலி என் தலையில் விழுந்தது. அவர் சொல்ல, எங்கள் தெரு வாத்தியார் எழுத, நான் படித்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்பது என் நினைப்பு. "உலர்த்துகலன்" என்று வாத்தியார் எழுதியதை மூன்று தடவை அடித்தேன், மூன்று தடவையும் திரும்ப எழுதினார். ஒருவழியாகப் பதினொரு வரியில் முடித்து, பிரதி போட்டுக் கொடுத்தோம்.

கொஞ்ச நாளில் அன்னம்மாவிடமிருந்து கார்டு வந்தது. மலையாளம் கலந்து பேசுகிறவள். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு, மெட்டுக்கு மேலே முக்கால் ஏக்கரில் சொந்தமாக முதல் பறிப்பு எடுத்தவள். எங்கள் தாளைப் பார்த்துத்தான் ஸ்டோர் கட்டியிருக்கிறாள். காய் பச்சை போய் வெளுத்துவிட்டதாம். வியாழக்கிழமை அடுத்த பறிப்பு. அதுவும் வெளுத்தால் தோட்டத்தைக் கொடுத்துவிட்டு எஸ்டேட்டுக்கே திரும்பிவிடுவேன் என்று எழுதியிருந்தாள்.

வியாழன் காலை 5.40 பஸ். டிக்கெட் மூன்று ரூபாய். இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. வேண்டாம் என்று சொல்லியும் வாத்தியார் இட்லி தின்றுவிட்டு ஏறினார். நாலாவது வளைவில் அந்த இட்லியை எல்லோரும் பார்த்தோம். பதினொன்றாவது வளைவில் பஸ்சே கொதித்து நின்றது. ஐம்பது நிமிடம். அவ்வளவு நேரமும் ராசு அண்ணன் அன்னம்மாவைத்தான் குறை சொன்னார்: தாளை ஒழுங்காகப் படித்திருக்க மாட்டாள், விறகை அள்ளித் திணித்திருப்பாள். கடைசியில் லோடு ஏற்றப் போன ஜீப்பில், ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்து 8.30க்கு மெட்டில் இறங்கினோம். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை, கால் நிறைய அட்டை.

போனதும் ராசு அண்ணன் அடுப்பைப் பார்க்க ஓடினார். தடுத்தேன்.

"அண்ணே, இப்படிச் சுவரோரமா உக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது. அவ தாளப் பாத்துச் செய்யட்டும்."

"நான் செஞ்ச ஸ்டோருக்கு நானே வெளியாளா?"

"நாங்க பஸ்சு ஏறினப்புறம் நீங்க மட்டும் இங்கயே இருக்கப் போறீகளா?"

உட்கார்ந்தார்.

அன்னம்மா வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். பச்சைக்காயைத் தட்டில் பரப்பினாள், சொன்ன அளவுக்கு விறகு வைத்தாள், கதவை மூடினாள். ஒரு தப்பும் இல்லை. மூன்று மணி நேரத்தில் கதவுக் கண்ணாடியில் உள்பக்கம் நீர் வடிந்தது. ராசு அண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கை தானாக மேலே போய், சுவரில் தொங்கிய கயிற்றை இழுத்து மேல் ஜன்னலைத் திறந்தது.

"எந்தா செய்யறீங்க?" என்றாள் அன்னம்மா.

"ஆவி போகணும்ல. இல்லேன்னா காய் வெந்துருமே."

அவள் தாளை நீட்டினாள். "இதுல எந்த வரி?"

"இதக் கூடவா எழுதுவாக?"

திட்டத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. பட்டறையில் அவர் அந்தக் கயிற்றை இழுத்ததை எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். கண்ணால் பார்த்துப் பழகியதால், தாளில் இல்லாதது எனக்கும் உறைக்கவில்லை. அவள் முதல் பறிப்பு போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதை அவளிடம் சொல்லிவிட்டு, பேனாவைக் கொடுத்து அவளையே எழுதச் சொன்னேன். "கண்ணாடியில் வெள்ளம் இறங்கினால் கயிறு வலிச்சு மேல் ஜன்னல் துறக்கணும்" என்று எழுதினாள். அவள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். படிக்கிறவன் ஆற்று வெள்ளம் என்று நினைப்பான் என வாத்தியார் திருத்த வந்தார்.

"மலையில எல்லார்க்கும் மனசிலாகும் சாரே" என்றாள்.

வாத்தியார் கைக்குப் போகுமுன் பேனாவை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை தட்டை இழுத்தாள். காய் பச்சையாக இருந்தது. ராசு அண்ணன் ஒன்றை எடுத்து மென்றார். அன்னம்மா எஸ்டேட்டுக்குப் போகவில்லை.

மெட்டுக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு ஏறுங்கள். அட்டைக்கு உப்புப் பொட்டலம் வேண்டும். நான் சொன்ன பஸ் நேரமும் கட்டணமும் அந்தக் காலத்தவை, விசாரித்துக்கொள்ளுங்கள். மீனா, நீ எழுதியதை அந்த மென்பொருளைப் பார்த்தே இராத ஒருத்தியிடம் கொடு. செய்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் கை எங்கே போகிறது என்று பார். உன் கையையும் பார்த்துக்கொள்.

அந்தத் தாள் கிழிந்துவிட்டதாம். பன்னிரண்டாவது வரியை மட்டும் அன்னம்மாவின் மகள் ஸ்டோர் கதவில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறாள் என்று கேள்வி. இணையத்தில் வரும் இந்தப் பக்கத்தின் மேலே மீனா போட்டிருக்கும் என் படம் அவள் அப்பன் கல்யாணத்தில் எடுத்தது, எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேலே போகிறவர் யாராவது அந்தக் கதவைப் படம் பிடித்து அனுப்புங்கள். மீனா, என் படத்தை எடுத்துவிட்டு அதைப் போடு.