கண்ணாடிக்கு வைத்த பொட்டு

என் கடைக்கு முதல் ஆளாக வந்தவர் மூக்குக்கண்ணாடியோடு வந்தார். வலது பக்கத்தில் ஒரு விரிசல். "இத ஒட்டித் தர்றீங்களா தம்பி?" என்று நீட்டினார். நான் அவரையும் மேலே தொங்கிய போர்டையும் மாறி மாறிப் பார்த்தேன். 'இங்கு கண்ணாடி விரிசல் சரி செய்யப்படும்' என்று நானே கூட நின்று எழுத வைத்த போர்டு. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, காருக்கு முன்னால் இருப்பதும் கண்ணாடி. நாற்பத்தைந்து வருஷம் தமிழ் பேசியும் இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் ஒரு அம்மா ஷேர் ஆட்டோவில் பீரோக் கண்ணாடியைப் பழைய புடவையில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தார். இதெல்லாம் இங்கே ஆகாது என்றதற்கு, "அப்ப இன்னாத்துக்கு போர்டு வச்சிருக்க?" என்று ஆட்டோவில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி திட்டிவிட்டுப் போனார். பெயின்டரைக் கூப்பிட்டுக் 'கார், லாரி' என்று முன்னால் சேர்க்கச் சொன்னேன். இடம் போதாமல் அந்த இரண்டு சொல்லையும் எறும்பு அளவுக்கு எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் இரண்டு மூக்குக்கண்ணாடி வந்தது.

என் தொழில் இதுதான். ஓடுகிற வண்டியின் முன்கண்ணாடியில் கல் பட்டால் சின்னதாக ஒரு நட்சத்திரம் விழும். அப்படியே விட்டால் வெயிலிலும் குலுக்கலிலும் கோடு ஓடி, முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டிவரும். அதற்கு முன்னால் என்னிடம் வந்தால், அந்த இடத்தில் சின்ன பம்ப் ஒன்றைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை இழுத்துவிட்டு ரெசின் என்கிற பசையை ஏற்றி, விளக்கு வைத்துக் காய வைப்பேன். அரைமணி நேர வேலை. அதோடு விரிசல் நின்றுவிடும்.

இதை நான் பதினைந்து வருஷம் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் செய்தேன். அங்கிருந்து வெளியே வந்ததற்குக் காரணம் என் வாய். கண்ணாடியில் இல்லாத குறையைக் காட்டி ஒரு மணி நேரம் கத்திய ஒரு கார்க்காரரிடம், "சார், கண்ணாடி நல்லாத்தான் இருக்குது, பாக்குற கண்ணத்தான் மாத்தணும்" என்று சொன்னேன். அவர் முதலாளிக்குச் சொந்தக்காரர் என்பது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

சொந்த ஊர் மரக்காணம். உப்பளத்துக்கு எதிரே ஈசிஆரில் ஒரு சின்னக் கடையைப் பிடித்தேன். உப்பு லாரி, ஜல்லி லாரி, சனி ஞாயிறு ஆனால் சென்னைக் கார்கள். கல் பறப்பதற்குக் குறைவே இல்லாத ரோடு. ஆனால் பொங்கல் முடிந்து கடை திறந்து, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்த பிறகும் ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், உப்பு லாரிகளுக்கு எடைமேடை வைத்திருக்கிறார். அங்கே வந்து உட்கார் என்று வேலை போன நாளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏசி ரூம், லாரி ஏறினால் பட்டனைத் தட்டி ரசீது கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வேலையில் கஷ்டம் ஒன்றும் இல்லை. வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும் "நம்ம மாப்ள, பாவம், வேலை பூடுச்சு" என்று அவர் சொல்வாரே, அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதன் அன்று மாதா கோயில் வாசலில், நெற்றிச் சாம்பலோடு, என் மனைவியையும் வைத்துக்கொண்டு அவர் கெடு வைத்தார். "பெரிய வெள்ளி வரைக்கும் பாரு மாப்ள. அதுக்குள்ள கடை ஓடலன்னா ஈஸ்டர் முடிஞ்சு திங்கக்கிழம காலைல நம்ம எடைமேடைல வந்து குந்து. பொண்டாட்டி புள்ளைங்களப் பாக்க வேணாமா?" நான் சரி என்றேன். என் மனைவி என் பக்கம் பேசாததுதான் எனக்கு வலித்தது. மச்சானின் புதுக் காரின் முன்கண்ணாடியில், டிரைவர் சீட்டுக்கு நேர் எதிரே, வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் காரிலேயே வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு ஆள் பிடிக்கக் கிளம்பினேன். ஞாயிறு பூசை நடக்கும்போது வெளியே நின்ற வண்டிகளில் எல்லாம் நோட்டீஸைச் சொருகினேன். அடுத்த ஞாயிறு, கல்யாண அறிவிப்பான திருமண ஓலையை வாசித்து முடித்த கையோடு, பூசை நேரத்தில் வண்டிகளிடம் ஜெபம் செய்துகொண்டிருப்பவர் உள்ளே வந்தும் செய்யலாம் என்று ஃபாதர் மைக்கில் அறிவித்தார். மொத்தக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்தது. நோட்டீஸைப் பார்த்து ஒருவரும் வரவில்லை.

ஆனால் வண்டி வண்டியாகப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. எங்கள் பக்கத்தில் கண்ணாடியில் கல் பட்டால் அதன்மேல் ஒரு சாமியை ஒட்டிவிடுகிறார்கள். மாதா, முருகன், வேல், சிலுவை, அவரவர் வசதி. எந்த டிரைவரும் பக்தி முற்றிப்போய்த் தன் பார்வையை மறைக்கிற இடத்தில் சாமியை ஒட்டமாட்டான். அப்படி ஒரு இடத்தில் ஸ்டிக்கர் இருந்தால் அதற்குப் பின்னால் என் பிழைப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

டீக்கடையில் ஒரு உப்பு லாரி டிரைவரைப் பிடித்தேன். "அண்ணே, அந்த முருகனுக்குப் பின்னாடி கல்லடிதானே?"

"உனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்றார் அவர், கொஞ்சம் பயந்து.

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "வேணாம்பா. வண்டி எடுத்த மூணாம் நாளு பட்டுது. ஊரே கண்ணு வச்சாங்க. அந்தக் கண்ணு கண்ணாடியோட பூடுச்சு. நீ அத மூடிட்டன்னா திரும்ப வேற எங்கனா பூந்துக்கும்."

கண்ணாடி உடைந்தால் திருஷ்டி கழிந்தது. இதில் எங்கள் ஊரில் கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்று வித்தியாசமே கிடையாது. என் வீட்டிலேயே கண்ணாடி டம்ளர் உடைந்தால் என் மனைவி சந்தோஷமாகப் பெருக்குவாள். அது தெரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பூந்துக்க அது இன்னா எலியா?" என்று கேட்டுவிட்டேன். டீக்கடையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் உப்பு லாரிக்காரர்கள் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, திருஷ்டி தெரியாதவர்கள் இருக்கிற இடத்துக்குப் போவோம் என்று மொபெட்டை எடுத்துக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் குடியிருக்கிற ஆரோவில்லுக்குப் போனேன். அங்கே பாதிப்பேர் சைக்கிளில் போனார்கள், மீதிப்பேர் என்னைப்போலவே மொபெட்டில் போனார்கள். அரைநாள் சுற்றியதில் ஒரே ஒரு பழைய ஜீப் அகப்பட்டது. கண்ணாடியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கோடு. ஜீப்புக்குச் சொந்தக்காரர் நரைத்த தாடி வைத்த வெள்ளைக்காரர். என்னைவிட நிதானமாகத் தமிழ் பேசினார். "இந்த விரிசல் ரொம்ப அழகா இருக்குது. போன வருஷம் இவ்ளோதான் இருந்துது. அது பாட்டுக்கு வளரட்டும்." தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். வழியில் இரும்பை கிராமத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறந்தபோது, ஒருத்தர் திருஷ்டி என்கிறார், ஒருத்தர் அழகு என்கிறார், எடைமேடைக்குப் போவதுதான் என் தலையெழுத்து என்று தோன்றியது. அன்றைக்கு நிஜமாகவே பயந்துபோனேன்.

தவக்காலம் பாதி தாண்டிய ஒரு மத்தியானம், எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்த ஒருவர் தன் புதுக் காரை என் கடை முன்னால் நிறுத்தினார். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற கார். மாப்பிள்ளை ஏறுகிற வண்டியில் கண்ணாடி உடைந்திருந்தால் பெண் வீட்டார் முகம் சுளிக்கிறார்களாம். வெயில் பட்டால் ரெசின் ஏறும்போதே இறுகிவிடும்; உப்பளத்து ஓரத்தில் மரம் ஏது? கட்டி வைத்திருந்த தார்ப்பாய்க்கு அடியில் காரை விடச் சொல்லி, விரிசலுக்குள் போயிருந்த உப்புத் தூசியை ஊதி எடுத்து, என் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலையாகச் செய்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். "இன்னாப்பா, இங்க ஒரு புள்ளி நிக்குது?"

நிற்கும். எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் கல் குத்திய இடத்தில் கடுகளவு ஒரு தடம் நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் இதற்கென்றே ஒரு பேப்பரில் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நான் விளக்க விளக்க அவர் முகம் சுருங்கியது. "போவலன்னா அப்புறம் இன்னா ரிப்பேரு?" என்றார். என் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. நல்ல பதில். அதைச் சொல்லியிருந்தால் அடுத்த நாளே நான் எடைமேடையில் உட்கார்ந்திருப்பேன்.

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவி அதற்குள் முந்திக்கொண்டாள். டிபன் கேரியரோடு காருக்கு முன்னால் வந்து, கண்ணைச் சுருக்கி அந்தப் புள்ளியைப் பார்த்தாள். "அது திருஷ்டிப் பொட்டுண்ணே. புது வண்டி, தினமும் கல்யாணத்துல நிக்குது. எத்தினி பேர் கண்ணு படும்? கொழந்தைக்கு கன்னத்துல வக்கிறதில்லயா? இருக்கட்டும்."

அவர் அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "அதுவும் சரிதாம்மா" என்றார். போகும்போது எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

"இன்னா இப்பிடிப் பொய் சொல்லிட்ட?" என்று கேட்டேன்.

"எதுங்க பொய்யி? புள்ளி இருக்குது. நீங்க அத கொறைன்னு சொன்னீங்க, நான் பொட்டுன்னு சொன்னேன்." கேரியரைத் திறந்தபடியே சொன்னாள். "கண்ணு கழிஞ்ச ஓட்டைய அடைக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சா யாருங்க வருவா? பொட்டு வக்கிறேன்னு சொல்லுங்க. சாப்பிடுங்க, ஆறுது."

பதினைந்து வருஷம் அந்தப் புள்ளி தெரியாமல் இருப்பதற்குத்தான் நான் வேலை கற்றேன். அதையே இப்போது விற்பனைச் சரக்காக்க வேண்டும் என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடு பெயின்டரைக் கூப்பிட்டு, போர்டில் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு வரையச் சொன்னேன்.

அந்த வாரமே முருகன் ஸ்டிக்கர் டிரைவர் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்காமல், "பொட்டு வக்கிறியாமே?" என்றார். முருகனை வெந்நீர் ஊற்றி அலுங்காமல் உரித்து, ஓரமாக வேறு இடத்தில் ஒட்டிக் கொடுத்தேன். எலியைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவருக்குப் பின்னால் மற்ற லாரிகளும் வந்தன. எக்கியார்குப்பத்திலிருந்து மீன் வண்டிகள் வந்தன. ஒருத்தன், "அவனுக்கு மட்டும் பெருசா வச்சிருக்க, எனக்கு கடுகு மாதிரி வச்சிருக்க" என்று சண்டைக்கு வந்தான். இன்னொருத்தன் கல்லே படாத புதுக் கண்ணாடிக்குப் பொட்டு வைக்கச் சொன்னான். அதற்கு முதலில் உடைய வேண்டுமே என்றேன். "நீயே ஒரு கல்ல எடுத்து போடேன்" என்றான். அதை மட்டும் மறுத்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்குப் பிறகு, பாவ மன்னிப்பு கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மூடநம்பிக்கையை வைத்துத் தொழில் செய்கிறேன் என்று ஃபாதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தது.

"கண்ணாடி நெஜமாவே சரியாயிடுதா?"

"ஆயிடுது ஃபாதர். விரிசல் ஓடாது."

"அப்ப வேலைல பொய் இல்ல. பேச்சுலதான்."

"பேசுனது என் சம்சாரம் ஃபாதர்."

"அப்ப அவங்கள வரச் சொல்லு. நீ மூணு தடவ 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லு." எழுந்துகொள்ளப் போனேன். "நம்ம ஜீப்லயும் ஒண்ணு இருக்குது. அதுல பொட்டு தெரியக் கூடாது" என்றார்.

இயேசு சிலுவையில் இறந்த துக்க நாளான பெரிய வெள்ளி வந்தது. கடைக்குப் பூட்டு. மத்தியான வழிபாட்டில் சிலுவையை முத்தமிட்டுவிட்டு வெளியே வந்தால், மச்சான் தன் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கெடு முடிகிற நாள். கடை ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும்; ஆனால் அவர் வாயால் ஓடவில்லை என்று சொல்லிவிட்டால், குடும்பத்தில் அது ஓடாத கடைதான். என் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். மச்சான் என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்தபடி தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ள, திங்கக்கிழம காலைல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அவர் கை தானாக மாதா ஸ்டிக்கருக்குப் போனது. தவக்காலம் முழுக்க டிரைவர் சீட்டுக்கு நேர் எதிரே, ரோட்டையே மறைத்துக்கொண்டிருந்த அதே மாதா.

"...கடை தொறந்திருப்பல்ல?"

எனக்குப் பதில் நாலு வந்தது. நாலும் நல்ல பதில். நாலையும் முழுங்கினேன்.

"தொறந்திருக்கும்ணே" என்றாள் என் மனைவி. "ஆனா லாரிங்க நிக்கும். வரிசையில வாங்க."

அண்ணனிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று அழுதேன். பெரிய வெள்ளி ஆனதால் ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.