ஆறாவது பச்சை டம்ளர்

அரியூரில் சூசைநாதன் வீட்டுச் சமையற்கட்டுக்குக் காலை ஏழு மணிக்குப் போனால் தரை முழுக்க நாற்றங்கால்தான். கிழக்கு ஜன்னலுக்குக் குறுக்கே அவரே அடித்து வைத்த பலகையில் ஆறு கண்ணாடி டம்ளர்கள் நிற்கும். வெயில் அவற்றின் வழியாக இறங்கி, சிமெண்டுத் தரையில் பச்சையாகத் தேங்கிக் கிடக்கும். அவர் மனைவி அமிர்தம் அதற்குள் கால் வைத்து வைத்துத்தான் அடுப்புக்குப் போவாள். அந்தப் பத்து நிமிஷமும் வீடு தண்ணீருக்கடியில் இருக்கும். குக்கர் விசில்கூட எங்கோ கரையில் கேட்கும்.

தரையில் கிடப்பது ஐந்து பச்சை. ஆறாவது நீலம். இது சூசைநாதனுக்குத் தெரியும், மகள் சுவேதாவுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். அமிர்தத்துக்கு மட்டும் தெரியாது.

அமிர்தம் பாண்டியில் ஒரு அமெரிக்க அம்மா வீட்டில் இருபது வருஷம் சமைத்தவள். அந்த அம்மா ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதுதான் முதல் பச்சை டம்ளர். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஜனங்கள் வேலையில்லாமல் திண்டாடிய காலத்தில், ஓட்ஸ் டப்பாவுக்குள் இதை இலவசமாகப் போட்டு விற்றார்களாம். "டீத்தூள் பாக்கெட்டோட ஸ்பூன் குடுக்கறானே, அந்த மாதிரியா?" என்று அமிர்தம் கேட்டாள். அதே மாதிரிதான் என்று அந்த அம்மா சொன்னாள். சீமாட்டிகள் வீட்டுச் சாமான் என்றிருந்தால் அமிர்தம் துடைத்து ஒரு மூலையில் வைத்திருப்பாள். கஷ்டப்பட்ட ஜனங்கள் வாங்கி வைத்த நிறம் என்று தெரிந்ததும் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

ஊரைக் காலி செய்துகொண்டு போகிற வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போகிற சாமானெல்லாம் கடற்கரைச் சாலையில் இருக்கும் பழைய சாமான் கடைகளுக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அமிர்தத்தை அங்கேதான் பார்க்கலாம். ரோஸ் நிறத்தில் தட்டு, தேன் நிறத்தில் சர்க்கரைக் கிண்ணம் என்று ஒவ்வொன்றாக வீடு வந்து சேர்ந்தன. எல்லாமே பழசு என்றில்லை. சுவேதாவின் சிநேகிதி அமெரிக்காவில் ஒகாயோவிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கண்ணாடிக் கோழி போன வருஷம் செய்தது. கூட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கோழியைத் தூக்கினால் அடியில் ஏலக்காய் இருக்கும். எதையும் ஷோகேஸில் பூட்டி வைக்கிற வழக்கம் அமிர்தத்துக்குக் கிடையாது. ஆனால் உயிர் மட்டும் அந்தப் பச்சை டம்ளர்களில்தான். பதினோரு வருஷம் தேடியும் ஐந்துதான் கிடைத்தது. ஆறு இருந்தால்தானே செட்டு!

சூசைநாதன் மருத்துவக் கல்லூரி ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவர். நாலு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் வாரத்தில், பாகூர்ப் பக்கம் ஒரு கடையில், அமிர்தத்தின் டம்ளர்களில் இருக்கிற அதே பூவிதழ் வேலைப்பாட்டோடு ஒரு டம்ளரைப் பார்த்தார். கடைக்குள் மஞ்சள் பல்பு எரிந்தது, பச்சையாகத்தான் தெரிந்தது. பொழுது சாய வீட்டுக்குக் கொண்டுவந்தார். அமிர்தம் அதை ஐந்தோடு சேர்த்து வைத்தாள், எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். "ஆறு ஆயிடுச்சுங்க" என்று சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் தான் வாங்கிக் கொடுத்த ஒன்றுக்கு அவள் அழுது அவர் பார்த்ததில்லை.

மறுநாள் வெயில் வந்ததும் சூசைநாதன் தரையைப் பார்த்தார். ஆறாவது டம்ளருக்குக் கீழே தரையில் மயில் கழுத்து நீலம். அமிர்தமோ அதன் மேலேயே நின்றுகொண்டு, "பாருங்க, இன்னா பச்ச!" என்றாள். மனுஷன் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் அவர் அவளுக்கு முன்னால் எழுந்து, அந்த டம்ளரைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளி வைப்பார். நீலம் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் விழும். அமிர்தம் வருகிறவர்களிடமெல்லாம் செட்டைக் காட்டிப் பெருமையடிப்பாள் என்பதால், விருந்தாளிகளை கேட்டிலேயே மடக்கி, "ஆறும் ஒரே பச்சன்னு சொல்லுங்க" என்று காதில் சொல்லி உள்ளே அனுப்புவார். எதிர்வீட்டு ஜெயசீலனுக்கு மட்டும் மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது, ஓட்டை வாய் என்பதால்.

அமிர்தத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று கண்டுபிடித்தது சுவேதா. அவள் அப்பா வேன் ஓட்டுகிற கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ்.

"புரை முத்துனா மஞ்சக் கண்ணாடி போட்டுக்கினு பாக்கற மாதிரிப்பா. நீலமே பச்சையாத்தான் தெரியும். ஆபரேசன் பண்ணிட்டா எல்லாம் பளிச்சுனு ஆயிடும்" என்றாள் அப்பாவிடம்.

சூசைநாதன் வெயிலில் வேண்டாம் என்றார், மழையில் வேண்டாம் என்றார், பனி என்றார். சுவேதா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஒரு டம்ளருக்காக அம்மாவ குருடாவே வச்சிக்கப் போறியா?" என்று கேட்டபின் அவரே தேதி குறிக்கச் சொன்னார். வெட்கமாக இருந்தது.

ஆபரேசன் அன்று அமிர்தத்தை உள்ளே அழைத்துப் போனதும், மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தார். ஆறாவது டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத் துவைக்கிற கல்லண்டை போனார். கை தவறிவிட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரே போடு, நாலு வருஷப் பொய் தூளாகிவிடும். ஆனால் அவள் எண்ணுவாளே. ஐந்தோடு நின்றுவிடுவாளே. கல்லின் மேல் வெயில் நீலமாக நடுங்கியது. இதன் அழகை இத்தனை நாளும் ஒருத்தருக்கும் காட்டாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தோமே என்று அப்போதுதான் உறைத்தது. அலம்பித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

வலது கண் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அமிர்தம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு எதிரே நின்றாள். சூசைநாதன் கதவோரமாக நின்றார், பரீட்சைப் பேப்பர் வாங்கப்போகிற பிள்ளை மாதிரி. அன்றைக்கு அவர் எதையும் நகர்த்தவில்லை.

அவள் ஒரு கண்ணை மூடினாள். பிறகு அதைத் திறந்து மற்றதை மூடினாள். ரொம்ப நேரம் இப்படியே செய்துகொண்டிருந்தாள்.

"இந்தக் கண்ணு ஆறும் ஒண்ணுங்குது. புதுக் கண்ணு இல்லங்குது. நான் எத நம்பறது?"

"புதுசத்தான்" என்றார் சூசைநாதன். "எனக்கு மறுநாளே தெரியும், அமிர்தம். நீ அழுத பாரு, அதான் சொல்ல முடியல."

"அதான் தெனம் ஓரமா தள்ளி வச்சீங்களா? நீங்க வாங்கியாந்ததாச்சே, என் கை பட்டு ஒடஞ்சிரப் போவுதுன்னு வக்கறீங்கன்னு இல்ல நெனச்சேன்!"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நீல டம்ளரை எடுத்துப் பலகையின் நடுவில் வைத்தாள். பச்சைகளுக்கு நடுவே நீலம் போய் விழுந்தது. அதில் இரண்டு காலையும் வைத்து நின்று குனிந்து தன் பாதங்களையே பார்த்தாள். அப்புறம் புதுக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பழைய கண்ணால் பார்த்தாள். அடுத்த மாசம் அதற்கும் ஆபரேசன். ஆறும் ஒன்றாக இருந்த அந்த உலகத்தை இனிமேல் பார்க்கக் கிடைக்காது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இருவருமே நகரவில்லை.

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், தெருவை வாயடைத்து வைத்ததைத் தவிர. அதைச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. ஊர் முழுக்கத் தன் பெருமையைக் கேட்டுத் தலையாட்டியது என்று தெரிந்தால் அவள் முகம் என்ன ஆகும்?

இடது கண்ணும் முடிந்து, வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவும் வந்தது. வீடு நிறைய ஆள். சூசைநாதன் நாற்காலி வாடகைக்கு எடுக்கப் போயிருந்த நேரத்தில் ஜெயசீலன் நுழைந்துவிட்டான். அமிர்தம் எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக் கொடுத்தாள், அவன் கையில் போய்ச் சேர்ந்தது நீல டம்ளர். சூசைநாதன் நாற்காலியோடு வாசற்படி ஏறும்போது, மூன்று தடவை சொல்லிக்கொடுத்த பாடத்தை ஜெயசீலன் விசுவாசமாக ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா செட்டுக்கா! ஆறும் அச்சு அசலா ஒரே பச்ச!"

அமிர்தம் அவன் கையைப் பார்த்தாள். சுற்றி இருந்தவர்களைப் பார்த்தாள், ஒவ்வொருவராகக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் வாசலில் நாற்காலியும் கையுமாக நிற்கிற புருஷனைப் பார்த்தாள்.

"சுவேதா, ஜெயசீலன் பேர எழுதிக்கடி. பாவம், புள்ளைக்கு ரெண்டு கண்ணுலயும் புரை" என்றாள் அமிர்தம். "இந்தத் தெருவுல நெறைய பேருக்கு இருக்குது போல. எல்லார் பேரையும் எழுதிக்க."

முதலில் சிரித்தது அவள்தான். வீடு குலுங்கியது. சூசைநாதன் நாற்காலியைக் கீழே வைத்தார். நீல டம்ளரை ஜெயசீலனிடமிருந்து வாங்கி அலம்பி, ஜூஸ் நிறைய ஊற்றி, அமிர்தம் அவர் கையில் கொடுத்தாள்.