அண்ணிக்கு ஒரு கிளாஸ் ஒயின்

ஆஸ்திரேலியாவிலிருந்து என் கொழுந்தன் வந்து இறங்கியது கத்திரி வெயிலில். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்குள் பை வைத்த கையோடு, இரண்டு பாட்டில் வெள்ளை ஒயினை ஃப்ரிட்ஜில் படுக்க வைத்தான்.

"அண்ணி, சண்டே லஞ்ச் இதுக்கு ஏத்த மாதிரி பண்ணலாம். புளி, மிளகாத்தூள் வேணாம். காரம் ஏறிட்டா இதோட டேஸ்டே தெரியாது."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கோவளம் போய், படகிலிருந்து அப்போதுதான் இறங்கிய கொடுவா வாங்கி வந்தேன். அவன் சொல்லச் சொல்ல வெண்ணெயில் பூண்டை வதக்கி, மீனைப் போட்டு, அரை டம்ளர் ஒயினை ஊற்றினேன். குப்பென்று ஆவி கிளம்பியது. எலுமிச்சை பிழிந்து இறக்கினேன். மீன் தொட்டாலே ஏடு ஏடாகப் பிரிந்தது.

சாப்பிட வந்திருந்த என் கணவரின் ஆபீஸ் நண்பர்கள் தட்டைப் பார்த்தபடியே என்னைப் பாராட்டினார்கள். இரண்டாவது தடவை பாராட்டியபோது கணவர் எழுந்து சமையலறைக்குப் போனார். ஒரு கிளாஸோடு திரும்பினார்.

"குடிச்சுப் பாத்து சொல்லு. நீ பண்ண மீனுக்கு இது சேருதா?"

அதுவரை நான் ஒயின் குடித்ததில்லை. கொழுந்தன் செய்ததைப் போலவே கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் குடித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"லேசா புளிப்பு. பச்ச மாங்கா மாதிரி. வெண்ணெயோட திகட்டல இது எடுத்துடுது."

கணவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அது வினிகர் விட்ட தண்ணிடி! திகட்டல எடுத்துடுதாம்!"

"விடுண்ணா," என்றான் கொழுந்தன். அவனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எங்கள் எட்டு வயது மகளுக்கு எதுவும் புரியவில்லை. அப்பா சிரித்ததால் அவளும் சிரித்தாள். நான் காலித் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கழுவும்போது, யாரோ மீதம் வைத்திருந்த நிஜ ஒயினைக் குடித்துப் பார்த்தேன். நான் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. வெளியே போய் யாரிடம் சொல்வது?

அதன் பிறகு எந்த விருந்துக்குப் போனாலும் அவர் இந்தக் கதையைச் சொல்வார். போன மாதம் கீழ்க்கட்டளையில், ஒரு நண்பரின் கிரகப்பிரவேசத்திலும் ஆரம்பித்தார். பாதியில் புரையேறி இருமினார். இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகள், "இருங்கப்பா, நான் சொல்றேன்," என்று ஒரு டம்ளரை எடுத்தாள். சுழற்றினாள், கண்ணை மூடி முகர்ந்தாள். பிறகு பேசினாள். அச்சு அசல் என் குரல்.